பி.எம்.ஐ. கணக்கைத் தந்தவர் டாக்டர் அல்ல, வானியலாளர்: குழந்தைகளுக்கு அது ஏன் அப்படியே பொருந்தாது? அடால்ஃப் கெட்லேயின் கதை

பத்து வயதுப் பையன் ஒருவன். உயரம் 138 சென்டிமீட்டர், எடை 42 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் யாராவது செல்போனில் பி.எம்.ஐ. கால்குலேட்டரைத் திறந்து இந்த இரண்டு எண்களையும் போட்டால் 22 என்று விடை வரும். பக்கத்திலேயே பச்சை நிறம். நார்மல். அப்பாடா என்று போனை வைத்துவிடுவார்கள்.

அதே 22-ஐக் குழந்தைகள் நல மருத்துவர் வேறு மாதிரி படிப்பார். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி, 10 வயது ஆண் குழந்தையின் பி.எம்.ஐ. 21.4-ஐத் தாண்டினாலே அது உடல் பருமன். போனில் பச்சையாகத் தெரிந்த எண் இங்கே சிவப்பு.

கணக்கில் தப்பில்லை. பெரியவர்களுக்கான அளவுகோலைக் குழந்தைக்கு வைத்ததுதான் பிரச்சினை. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்குக்கு மூலகாரணமானவர் 1830-களிலேயே இதைக் கவனித்திருந்தார். வளரும் குழந்தைக்கும், வளர்ந்து முடிந்த ஆளுக்கும் எடை-உயர விதி ஒன்றல்ல என்று எழுதியும் வைத்தார். அவர் டாக்டர் இல்லை. உடல் பருமனைப் பற்றி அவருக்குப் பெரிய கவலையும் கிடையாது. வானத்து நட்சத்திரங்களை அளக்கக் கற்றுக்கொண்டு, பிறகு மனிதர்களை அளக்க வந்தவர். பெயர் அடால்ஃப் கெட்லே.

ஓவியம், ஓபரா, அப்புறம்தான் கணிதம்

கெட்லே பிறந்தது 1796 பிப்ரவரி 22 அன்று, கென்ட் நகரில். இன்று அது பெல்ஜியத்தில் இருக்கிறது. அன்று பெல்ஜியம் என்ற நாடே இல்லை. அந்தப் பகுதி பிரான்சின் கையில் இருந்தது. அவருக்கு ஏழு வயதானபோது அப்பா இறந்துவிட்டார். குடும்பத்துக்கு வருமானம் வேண்டும். 17 வயதிலேயே பள்ளிக்கூடத்தில் கணிதம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனார்.

மனசு என்னவோ கலைப் பக்கம்தான் இருந்தது. ஓவியம் கற்றார், கவிதை எழுதினார். ஜெர்மினல் டான்டெலின் என்ற நண்பரோடு சேர்ந்து ஓபரா ஒன்றுக்கு வசனம் எழுதினார். (இந்த டான்டெலினும் பிற்பாடு கணிதத்தில் பெயர் வாங்கினார். கூம்பு வெட்டுகளைப் படிக்கும் மாணவர்களுக்கு 'டான்டெலின் கோளங்கள்' தெரிந்திருக்கும்.) 1819-ல், அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த கென்ட் பல்கலைக்கழகத்தில் கெட்லே முனைவர் பட்டம் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்த முதல் அறிவியல் முனைவர் பட்டம் அதுதான். அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸில் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டே அங்கிருந்த அறிவியல் அகாடமியில் உறுப்பினர். வயது 24.

நட்சத்திரத்திலிருந்து மனிதனுக்கு

பிரஸ்ஸல்ஸுக்கு ஒரு வான் ஆய்வகம் வேண்டும் என்று கெட்லே விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கான வேலையைக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி, 1823 டிசம்பரில் அவரைப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். அந்தப் பயணம்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது.

பாரிஸில் லாப்லாஸ், ஃபூரியே, அராகோ போன்ற ஜாம்பவான்களின் வட்டம். அங்கே வானியலாளர்கள் தினமும் சந்தித்த பிரச்சினை ஒன்று உண்டு. ஒரு நட்சத்திரத்தின் இடத்தைப் பத்துப் பேர் அளந்தால் பத்து விடை வரும். கை நடுங்கும், கருவி கொஞ்சம் பிசகும், காற்று ஆடும். எது சரி? எல்லா அளவுகளையும் வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் நடுவில் கூட்டமாகவும், இரண்டு பக்கமும் போகப்போகக் குறைந்தும், மணி கவிழ்த்த மாதிரி ஒரு வளைகோடு வரும். அதன் நடுப்புள்ளி, அதாவது சராசரி, உண்மைக்கு மிக அருகில் இருக்கும். இதுதான் பிழை விதி.

நட்சத்திரம் ஒன்றுதான், அளவுகள்தான் பல. கெட்லே இதைத் தலைகீழாகத் திருப்பினார். மனிதர்கள் பல பேர் இருக்கிறார்கள். அவர்களை அளந்தாலும் இதே மணி வடிவம் வந்தால்? இயற்கை மனதில் வைத்திருந்த 'ஒரே மனிதன்' நடுவில் இருக்கிறான், மற்றவர்களெல்லாம் அந்த அச்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் பிசகிய பிரதிகள் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றுதான் அவர் நம்பினார். அழகான யோசனை. ஆபத்தும் அதற்குள்ளேயே இருந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

ஊர் திரும்பியதும் 1825-ல் செசில் கூர்த்தே என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். 1828-ல் வான் ஆய்வகத்தின் இயக்குநர் பதவி. கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும்போதே 1830-ல் புரட்சி வெடித்தது. நெதர்லாந்து மன்னரிடமிருந்து பெல்ஜியம் பிரிந்தது. பாதி கட்டிய வான் ஆய்வகத்துக்குள் போராட்டக்காரர்கள் புகுந்து அதை அரணாக்கிக்கொண்டார்கள். அது முழுமையாகச் செயல்பட இன்னும் சில ஆண்டுகள் ஆயின. அந்த இடைப்பட்ட காலத்தில் கெட்லே அளந்தது வானத்தை அல்ல, பிரஸ்ஸல்ஸ்வாசிகளை.

தராசோடு கிளம்பியவர்

1831-ல் மனிதனின் உயர வளர்ச்சி பற்றி ஒரு கட்டுரை, 1832-ல் வெவ்வேறு வயதில் மனிதனின் எடை பற்றி இன்னொரு கட்டுரை. இந்த இரண்டுக்காகவும் அவர் ஆட்களைத் தேடிய இடங்களைப் பார்த்தாலே சுவாரஸ்யம். பிறந்த குழந்தைகளுக்கு, கைவிடப்பட்ட சிசுக்களைப் பராமரிக்கும் மருத்துவமனை. சிறுவர் சிறுமியருக்கு பிரஸ்ஸல்ஸின் பள்ளிகளும் அனாதை இல்லமும். இளைஞர்களுக்குக் கல்லூரிகள். வயதானவர்களுக்கு நகரத்தில் புதிதாகக் கட்டியிருந்த பெரிய முதியோர் மருத்துவமனை.

துணிமணியைக் கழற்றி எடை பார்ப்பது அன்று நடக்கிற காரியமில்லை. எனவே உடையோடு நிறுத்தி, உடையின் எடையைத் தனியாகக் கணித்துக் கழித்தார். ஆண்களுக்கு மொத்த எடையில் 18-ல் ஒரு பங்கு, பெண்களுக்கு 24-ல் ஒரு பங்கு. ஆண்களின் உடை பெண்களுடையதைவிடக் கனமாம்! பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை ஏறாமல் கொஞ்சம் இறங்கும் என்பதையும் பதிவு செய்தார். இன்று பிரசவ வார்டில் எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்கிற விஷயம்தான். அன்று அதை எண்ணாக எழுதிவைக்க ஆள் வேண்டியிருந்தது.

குழந்தைகளை அளப்பது அந்தக் காலத்தில் குண்டு-ஒல்லி விவாதத்துக்காக இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கவலையெல்லாம் எதிர்ப்பக்கம். பிரெஞ்சு மருத்துவர் வில்லெர்மே, ஏழைகள் குட்டையாகவும் வசதியானவர்கள் உயரமாகவும் இருப்பதை எண்களால் காட்டியிருந்தார். 1833-ல் பிரிட்டனில் தொழிற்சாலை ஆணையம், மான்செஸ்டர், ஸ்டாக்போர்ட் பகுதிகளில் ஆலை வேலைக்குப் போகும் குழந்தைகளையும் போகாத குழந்தைகளையும் எடை, உயரம் பார்த்தது. அந்த எண்களையும் கெட்லே வாங்கித் தன் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டார். அன்று தராசில் ஏறிய குழந்தைகளின் பிரச்சினை பசி.

வர்க்கமா, கனமா?

இனி கதையின் மையத்துக்கு வரலாம். கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பள்ளிக்கூடக் கணக்குதான்.

ஒரு பொருள் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால், உயரம் இரண்டு மடங்காகும்போது எடை எட்டு மடங்காகும். உயரம், அகலம், பருமன் மூன்றும் இரட்டிப்பாகுமே. இதுதான் கன விதி. 90 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு குழந்தை, எடை 13 கிலோ. அது வளர்ந்து 180 சென்டிமீட்டர் ஆகும்போது, கன விதிப்படி 104 கிலோ இருக்க வேண்டும். நிஜத்தில் 180 சென்டிமீட்டர் உயர இளைஞர்கள் பெரும்பாலும் அவ்வளவு கனம் இல்லை. வர்க்க விதிப்படி போனால் நான்கு மடங்கு, அதாவது 52 கிலோ. அதுவும் இல்லை, அந்த உயரத்துக்கு அது எலும்பும் தோலும்தான்.

கெட்லே தன் எண்களை வைத்துக்கொண்டு கண்டது இரண்டுக்கும் நடுவில் இருந்தது. பிறப்பிலிருந்து வளர்ந்து முடியும் வரை மொத்தமாகப் பார்த்தால், எடை உயரத்தின் 2.5 அடுக்கில் போகிறது. நம் உதாரணத்தில் சுமார் 74 கிலோ. இது நம்புகிற மாதிரி இருக்கிறது, இல்லையா?

அவர் அதோடு நிறுத்தவில்லை. வளர்ச்சியைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். முதல் வருடத்தில் எடை கிட்டத்தட்ட கன விதிப்படி வேகமாக ஏறுகிறது. அதன் பிறகு பூப்பை நெருங்கும் வரை மெதுவாகி, வர்க்க விதிக்கு அருகில் வருகிறது. பூப்புக் காலத்தில் மறுபடி எடை வேகமெடுக்கிறது. 25 வயதுக்குப் பிறகு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. முழுசாக வளர்ந்து முடிந்த, வெவ்வேறு உயரமுள்ள ஆட்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டால் மட்டும், எடை உயரத்தின் வர்க்கத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது.

அந்தக் கடைசி வாக்கியம்தான் இன்றைய பி.எம்.ஐ. கிலோவை மீட்டரின் வர்க்கத்தால் வகுப்பது. அதற்கு முன்னால் அவர் குழந்தைகளைப் பற்றிச் சொன்ன அத்தனையும் கால்குலேட்டரில் ஏறவில்லை.

நம் உதாரணத்தையே பி.எம்.ஐ.யில் போட்டுப் பார்ப்போம். 90 சென்டிமீட்டர், 13 கிலோ குழந்தைக்கு பி.எம்.ஐ. 16. அதே குழந்தை 180 சென்டிமீட்டர், 74 கிலோ ஆனதும் பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 23. இரண்டுமே சாதாரண வளர்ச்சி. பெரியவர்களுக்கான அட்டவணையை இருவருக்கும் வைத்தால், குழந்தை எடைக் குறைபாட்டில் விழுந்துவிடும்.

அவர் சறுக்கிய இடம்

கெட்லேயைப் பெரிய தீர்க்கதரிசி ஆக்கிவிட வேண்டாம். வளரிளம் பருவ விஷயத்தில் அவர் ஒரு பெரிய தப்பு செய்தார்.

பூப்புக் காலத்தில் எடை வேகமெடுப்பதைச் சொன்ன அதே மனிதர், உயரத்துக்கு வரைந்த வளைகோட்டில் அந்தத் திடீர்ப் பாய்ச்சலே இல்லை. வழவழவென்று ஒரே சீராகப் போகிறது. எட்டாம் வகுப்பு முடியும்போது தோளுயரம் இருந்த பையன், கோடை விடுமுறை முடிந்து வரும்போது டீச்சரைவிட உயரமாக நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். கெட்லேயின் கோட்டில் அவன் கிடையாது.

ஏன்? காரணங்கள் இரண்டு. ஒன்று, அவர் ஒரே குழந்தையை வருடா வருடம் அளக்கவில்லை. 10 வயதுக்குச் சில குழந்தைகள், 11 வயதுக்கு வேறு சில குழந்தைகள் என்று அளந்து சராசரி போட்டார். ஒரு பெண் 11 வயதில் விறுவிறுவென்று வளர்வாள், இன்னொருத்தி 13-ல் வளர்வாள். சராசரியில் இரண்டு பாய்ச்சலும் கரைந்துவிடும். இரண்டு, இயற்கையின் விதி எளிமையாக, வழுவழுப்பாகத்தான் இருக்கும் என்று வானியலாளர் மனசு நம்பியது. கோள்களின் பாதைக்குச் சமன்பாடு எழுதுகிறவருக்கு, திடீரென்று குதிக்கிற கோடு பிடிக்காது.

இத்தனைக்கும் அவருக்கு முன்பே பிரான்சில் மான்ட்பெய்யார் என்ற பிரபு, 1759 முதல் 1777 வரை தன் மகனின் உயரத்தைத் தொடர்ந்து அளந்து வைத்திருந்தார். பூஃபோன் அதை வெளியிட்டார். அதில் பதின்பருவப் பாய்ச்சல் தெளிவாக இருக்கிறது. கெட்லேவுக்குப் பிறகு, 1870-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் ஹென்றி பௌடிச் என்ற உடலியல் அறிஞர் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளின் அளவுகளைத் திரட்டினார். 13, 14 வயது வாக்கில் பெண்கள் ஆண்களைவிட உயரமாகவும் கனமாகவும் இருப்பதை அந்த எண்கள் காட்டின. 12 வயதை ஒட்டி இரு பாலாரின் எடையும் சமமாகிவிடுவதை கெட்லேயும் கவனித்திருந்தார். அதற்கு மேல் தோண்டவில்லை.

உடல் பருமன் என்று ஒரு பிள்ளைக்கு முத்திரை குத்துவதில் அதிகத் தடுமாற்றம் வரும் வயதும் இந்த வயதுதான். ஒரே வகுப்பில் ஒருத்தி பூப்படைந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும், பக்கத்தில் இருப்பவள் இன்னும் ஆகியிருக்க மாட்டாள். எடையில் பத்துக் கிலோ வித்தியாசம் இருந்தாலும் இருவருமே ஆரோக்கியமாக இருக்கலாம்.

சராசரி மனிதன்

1835-ல் பாரிஸில் வெளியான, மனிதனையும் அவன் திறன்களின் வளர்ச்சியையும் பற்றிய இரண்டு தொகுதிப் புத்தகம் கெட்லேயை ஐரோப்பா முழுக்கப் பிரபலமாக்கியது. உயரம், எடை மட்டுமில்லை. பிறப்பு, இறப்பு, திருமணம், குற்றம், தற்கொலை என்று எல்லாவற்றையும் எண்ணினார். ஒரு நாட்டில் வருடா வருடம் நடக்கும் குற்றங்களின் எண்ணிக்கை பட்ஜெட் போட்ட மாதிரி ஏறக்குறைய ஒரே அளவில் வருவதைக் காட்டினார். தனிமனிதன் சுதந்திரமாகத்தான் முடிவெடுக்கிறான், ஆனால் கூட்டமாகப் பார்த்தால் ஒழுங்கு தெரிகிறது. இன்று தேர்தல் கருத்துக்கணிப்பு முதல் இன்சூரன்ஸ் பிரீமியம் வரை இந்த யோசனையில்தான் ஓடுகிறது.

எண்களிலிருந்து பொய்யைக் கண்டுபிடிக்கும் திறமையும் அவருக்கு இருந்தது. பிரெஞ்சு ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட ஒரு லட்சம் இளைஞர்களின் உயரக் கணக்கைப் பார்த்தார். மணி வடிவம் வர வேண்டிய இடத்தில், 157 சென்டிமீட்டருக்குக் கீழே ஆட்கள் அதிகமாகவும் அதற்குச் சற்று மேலே குறைவாகவும் இருந்தார்கள். ராணுவத்தில் சேரக் குறைந்தபட்ச உயரமும் அதே 157. சுமார் 2,000 பேர் எப்படியோ உயரத்தைக் குறைத்துக் காட்டி ராணுவத்திலிருந்து தப்பியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்! 1846-ல் வெளியான நூலில் இது வருகிறது. 5,738 ஸ்காட்லாந்து வீரர்களின் மார்புச் சுற்றளவை அவர் மணி வளைகோட்டில் பொருத்திக் காட்டிய புகழ்பெற்ற கணக்கும் அதே நூலில்தான்.

இந்த வேலைகளின் நடுவில் இருந்தவன்தான் அவருடைய 'சராசரி மனிதன்'. கெட்லேவுக்குச் சராசரி என்பது வெறும் நடு எண் இல்லை. அதை அழகின், ஆரோக்கியத்தின் மாதிரியாகவே பார்த்தார். சராசரியிலிருந்து ரொம்ப விலகுவது குறைபாடு, நோய். நட்சத்திரத்தின் இடத்தை அளப்பதில் விலகல் என்றால் பிழைதான். மனிதனில் விலகல் பிழையா? இந்தக் கேள்வியை அவர் போதுமான அளவு கேட்டுக்கொள்ளவில்லை. பின்னால் வந்த பிரான்சிஸ் கால்டன் அதே மணி வளைகோட்டை எடுத்துக்கொண்டு மனித இனத்தைத் தரம் பிரிக்கக் கிளம்பினார். யூஜெனிக்ஸ் என்ற சொல்லையே உருவாக்கியவர் அவர். அந்தப் பாவத்தை முழுக்க கெட்லே தலையில் கட்ட முடியாது. விதையில் அவருக்குப் பங்கு இல்லை என்றும் சொல்ல முடியாது.

மற்றபடி அவர் கை வைக்காத துறை இல்லை. பெல்ஜிய இளவரசர் குடும்ப உறவினரான ஆல்பர்ட், விக்டோரியா ராணியை மணப்பதற்கு முன் பிரஸ்ஸல்ஸில் இவரிடம் கணிதம் படித்தார். லண்டன் புள்ளியியல் சங்கம் 1834-ல் உருவாக இவருடைய தூண்டுதலும் ஒரு காரணம். பெல்ஜியத்தின் 1846 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 1853-ல் பிரஸ்ஸல்ஸில் நடந்த முதல் சர்வதேசப் புள்ளியியல் மாநாடு இரண்டிலும் மூளை இவர்தான். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் இவரைக் குருவாக மதித்தார். நடுவில் நேரம் கிடைத்தபோது, ஆகஸ்ட் மாதம் வருடா வருடம் எரிநட்சத்திர மழை பொழிகிறது என்பதையும் சுட்டிக்காட்டிவிட்டார்.

1855-ல் பக்கவாதம் தாக்கியது. உயிர் பிழைத்தார், ஆனால் நினைவாற்றல் பழைய மாதிரி இல்லை. மூன்று வருடத்தில் மனைவியும் போய்விட்டார். இருந்தும் எழுதுவதை நிறுத்தவில்லை. மனித உடல் அளவைகள் பற்றிய பெரிய நூலை 1870-ல் வெளியிட்டார். 1874 பிப்ரவரி 17 அன்று, 78-வது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு இறந்தார்.

98 வருடம் கழித்து ஒரு புதுப் பெயர்

அவர் இறந்த பிறகு அந்த எடை-உயர விகிதம் 'கெட்லே குறியீடு' என்ற பெயரில் அறிவியல் கட்டுரைகளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள்தான் எடையைப் பெரிய விஷயமாக்கின. எடை கூடிய வாடிக்கையாளர் சீக்கிரம் இறந்தால் நிறுவனத்துக்கு நஷ்டம். அவர்கள் போட்ட உயர-எடைப் பட்டியல்களே பல காலம் டாக்டர்களின் மேஜையில் இருந்தன.

1972-ல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸும் அவர் குழுவும், ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளை எடுத்து, எந்த விகிதம் உடல் கொழுப்போடு அதிகம் ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். தோல் மடிப்பைக் கருவியால் கவ்விப் பிடித்து அளந்த கொழுப்போடு ஒப்பிட்டதில், எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது மற்றவற்றைவிட ஓரளவு தேவலை என்று தெரிந்தது. 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்ற பெயர் அப்போதுதான் வந்தது.

அந்த 7,400 பேரும் ஆண்கள். எல்லோரும் பெரியவர்கள். ஒரு பெண் கிடையாது, ஒரு குழந்தை கிடையாது.

வகுத்தால் விடை வந்துவிடும், செலவில்லை, எடை மெஷினும் டேப்பும் போதும். இந்த வசதிதான் பி.எம்.ஐ.யை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடல் பருமன் என்ற கோடுகள் 1990-களில் நிலைபெற்றன. கெட்லே அப்படி எந்தக் கோடும் போட்டதில்லை.

அப்போ குழந்தைகளுக்கு எப்படி அளப்பது?

குழந்தையின் பி.எம்.ஐ. பிறந்த முதல் வருடத்தில் ஏறும், பிறகு இறங்கி 5, 6 வயது வாக்கில் அடிமட்டத்தைத் தொடும், அங்கிருந்து மறுபடி ஏறும். இதை 1980-களில் பிரெஞ்சு ஆய்வாளர் ரோலண்ட் கஷேரா விரிவாகக் காட்டினார். அந்த மறு ஏற்றம் சீக்கிரமே, அதாவது நாலு வயதிலேயே தொடங்கிவிட்டால் பின்னாளில் உடல் பருமனுக்கு வாய்ப்பு அதிகம் என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்தது. முதல் வருடம் வேகம், பிறகு நிதானம், பூப்பில் மறுபடி வேகம்: கெட்லே 1830-களில் சொன்ன அதே மூன்று கட்டம்.

எனவே குழந்தைகளுக்கு ஒற்றை எண் உதவாது. வயதும் பாலினமும் சேர வேண்டும். அதே வயது, அதே பாலினக் குழந்தைகளை வரிசையாக நிறுத்தினால் இந்தக் குழந்தை எந்த இடத்தில் நிற்கும் என்றுதான் பார்க்கிறார்கள். இங்கே மூன்று முக்கிய அளவுகோல்கள் இருக்கின்றன. மூன்றும் ஒரே குழந்தைக்கு ஒரே பதிலைத் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையத்தின் அட்டவணையில், 100 பேரில் 85-வது இடத்திலிருந்து அதிக எடை, 95-வது இடத்திலிருந்து உடல் பருமன். 2000-ல் டிம் கோல் தலைமையிலான சர்வதேசக் குழு வேறு வழியைப் பிடித்தது. பிரேசில், பிரிட்டன், ஹாங்காங், நெதர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா ஆகியவற்றின் தரவை வைத்து, 18 வயதில் 25-ஐயும் 30-ஐயும் தொடப்போகும் கோடுகளைப் பின்னோக்கி இழுத்து, ஒவ்வொரு வயதுக்கும் எல்லை கண்டது. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் 5 முதல் 19 வயதுக்கான அட்டவணையை வெளியிட்டது. நடுக்கோட்டிலிருந்து ஒரு திட்ட விலக்கம் மேலே போனால் அதிக எடை, இரண்டு போனால் உடல் பருமன். 10 வயதுப் பையனுக்கு அந்தக் கோடுகள் 18.5, 21.4. அதுவே 15 வயதுப் பையனுக்கு 22.7, 27. நாம் முதலில் பார்த்த 22, பத்து வயதில் உடல் பருமன். பதினைந்து வயதில் வழக்கமான எடை.

ஐந்து வயதுக்குக் கீழே இன்னும் தாராளம். அங்கே உயரத்துக்கு ஏற்ற எடை இரண்டு திட்ட விலக்கத்தைத் தாண்டினால்தான் அதிக எடை, மூன்றைத் தாண்டினால்தான் உடல் பருமன். கொழுகொழு குழந்தைக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் சராசரி மனிதனின் பழைய சிக்கல் திரும்பி வருகிறது. இன்றைய குழந்தைகளை அளந்து சராசரி போட்டால், எடை கூடிய தலைமுறையின் சராசரிதான் வரும். அதை நார்மல் என்று அறிவித்துவிட்டால், பாதிப் பேரின் பிரச்சினை காகிதத்தில் காணாமல் போய்விடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 5 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பழைய, உடல் பருமன் இந்த அளவு பரவாத 1970-களின் அமெரிக்கத் தரவையே அடிப்படையாக எடுத்தது.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதே பி.எம்.ஐ. இருந்தாலும் இந்தியர்களின் உடலில் கொழுப்பு விகிதம் அதிகம், சர்க்கரை நோயும் குறைந்த எடையிலேயே வருகிறது. இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம் 2015-ல் 5 முதல் 18 வயதுக்கான வளர்ச்சி வரைபடங்களைத் திருத்தியபோது, 25-30க்குப் பதிலாக, பெரியவர்களின் 23-க்கும் 27-க்கும் சமமான கோடுகளைப் போட்டது. சென்னை, மதுரை உள்பட 14 நகரங்களைச் சேர்ந்த சுமார் 33 ஆயிரம் குழந்தைகளின் அளவுகள் அதற்கு அடிப்படை. உங்கள் குழந்தைகள் நல மருத்துவர் ஃபைலில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் அந்த நீலமும் இளஞ்சிவப்புமான தாள் பெரும்பாலும் இதுதான். அதில் அவர் தேடுவது ஒரு புள்ளியை அல்ல. ஆறு மாதம் முன்பு வைத்த புள்ளியிலிருந்து குழந்தை தன் கோட்டிலேயே போகிறதா, அடுத்த கோட்டைத் தாண்டி மேலே ஏறுகிறதா என்பதைத்தான். ஒரே குழந்தையைத் திரும்பத் திரும்ப அளப்பது: மான்ட்பெய்யார் செய்தது, கெட்லே செய்யாமல் விட்டது.

கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதை பி.எம்.ஐ. சொல்லாது. கபடி ஆடும் பையனின் தசையும், வயிற்றில் சேர்ந்த கொழுப்பும் அதற்கு ஒன்றுதான். அதனால் மருத்துவர்கள் இடுப்புச் சுற்றளவையும் பார்க்கிறார்கள். அது உயரத்தில் பாதியைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். தேவைப்பட்டால் ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, கல்லீரல் பரிசோதனை வரை போகிறார்கள். 2017-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், பதின்பருவத்தினருக்கு மட்டும் உயரத்தின் வர்க்கத்துக்குப் பதில் கனத்தால் வகுத்தால் உடல் கொழுப்பை இன்னும் சரியாகக் கணிக்கலாம் என்று காட்டினார்கள். அதற்கு நான்கு வருடம் முன்பு, ஆக்ஸ்போர்டு கணிதப் பேராசிரியர் நிக் ட்ரெஃபெதன் வேறொரு திருத்தத்தை முன்வைத்திருந்தார். பெரியவர்களுக்கும்கூட வர்க்கம் சரிப்படாது, குட்டையானவர்களை ஒல்லியாகவும் உயரமானவர்களைக் குண்டாகவும் அது காட்டுகிறது, எனவே உயரத்தின் 2.5 அடுக்கால் வகுக்க வேண்டும் என்பது அவர் வாதம். கெட்லே வளர்ச்சிக்குக் கண்ட அதே 2.5.